சவர்க் கிணறும் தேசிமரமும்: தண்ணீரின் தரம், இறைப்பைக் குறைத்தல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் தேசி, தோடை, நாரத்தை வைத்திருப்பவர்கள் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, "கிணறு சவர் தட்டுது, மரம் தாங்குமோ?" மற்றது, "தண்ணியைக் குறைச்சால் பழம் நல்லாய் வருமாமே?" இரண்டையும் தனித்தனியே கேட்கிறார்கள். எங்கள் மண்ணில் இவை ஒரே கேள்விதான். இறைப்பைக் குறைக்கலாமா என்பதற்கான பதில் கிணற்றுத் தண்ணீரின் உப்பளவில் இருக்கிறது. அதனால் அளவிடுவதிலிருந்து தொடங்குகிறோம்.

வாயில் விட்டுப் பார்த்தாலே தெரியுமே, மீற்றர் எதற்கு?

தெரியாது. நாக்கு உப்பை உணரத் தொடங்கும்போது தேசிமரம் அதை உணர்ந்து கன நாளாகியிருக்கும். சவர்த்தண்ணீர் குடித்துப் பழகிய ஊர்களில் நாக்கு இன்னும் மோசமான சாட்சி.

கையடக்க ஈ.சி. மீற்றர் ஒன்று போதும். ஈ.சி. என்பது தண்ணீரின் மின்கடத்துதிறன்; உப்புக் கூடக் கூட அதுவும் கூடும். மீற்றர் அதை மைக்ரோசீமன்ஸ் அலகில் எண்ணாகக் காட்டும். இந்தப் பக்கத்தில் "ஈ.சி. 1100" என்று எழுதியிருந்தால் சென்ரிமீற்றருக்கு 1100 மைக்ரோசீமன்ஸ் என்று பொருள். ஆய்வுகூட அறிக்கையில் இதுவே 1.1 டெசிசீமன்ஸ் என்று வரும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ரி.டி.எஸ். பேனா, கரைந்துள்ள மொத்த உப்பை "பி.பி.எம்.", அதாவது பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு என்று காட்டும். பெரும்பாலானவை ஈ.சி.யைப் பாதியாக்கிக் காட்டுபவை, ஆகவே இரண்டால் பெருக்குங்கள். சில பேனாக்கள் 0.7 ஆல் பெருக்கிக் காட்டும். கூட வரும் தாளில் எது என்று பாருங்கள், இல்லாவிட்டால் கணக்கு முழுதும் பிழைக்கும். அளவைச் சரிபார்க்க 1413 என்று அச்சிட்ட சிறு கரைசல் பொதி விற்கிறார்கள். பேனா அதில் 1413க்குக் கிட்ட நிற்க வேண்டும்.

மாதிரி எடுப்பதில்தான் அதிகம் பிழை விடுகிறார்கள். வாளியால் மேல்தண்ணீரை அள்ளி அளந்தால் கிணற்றின் மிக நல்ல தண்ணீரைத்தான் அளக்கிறீர்கள். மோட்டர் போட்டுக் கால் மணித்தியாலம் ஓடிய பின் ஒன்று, இறைப்பு முடிகிற நேரத்தில் இன்னொன்று எடுங்கள். வருடத்தில் இரண்டு தரம்: மாரி முடிந்து தை மாதத்தில், பிறகு கோடை முற்றிய ஆவணி–புரட்டாதியில். முடிவெடுக்க வேண்டியது இரண்டாவது எண்ணை வைத்து.

எந்த எண்ணுக்கு மேல் பயப்பட வேண்டும்?

தோடைக்கு உலக உணவு விவசாய அமைப்பின் பாசன வழிகாட்டி தரும் கணக்கு இது. தண்ணீரின் ஈ.சி. 1100 வரை விளைச்சல் குறையாது. 1600 ஆனால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போகும். 2200 ஆனால் கால்வாசி போகும். 3200 ஆனால் பாதி. தேசி, எலுமிச்சை வகைகள் தோடையைவிடச் சற்று மென்மையானவை. அவற்றுக்கு 1000 ஐ எல்லையாக வைத்துக்கொள்ளலாம்.

இந்த எண்களுக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: மரம் குடிப்பதைவிட 15 முதல் 20 வீதம் அதிகமாகத் தண்ணீர் விடப்பட்டு, அந்த மிச்சம் உப்பைக் கழுவிக்கொண்டு வேருக்குக் கீழே இறங்குகிறது என்று எடுத்துக்கொண்டே இவை போடப்பட்டிருக்கின்றன. இறைப்பைக் குறைத்தால் முதலில் இல்லாமற்போவது அந்த மிச்சம்தான். கீழே மீண்டும் வருவோம்.

ஈ.சி. நல்லாய் இருக்கிறது, ஆனாலும் மரம் சரியில்லை. வேறு என்ன பார்க்க வேண்டும்?

ஈ.சி. மொத்த உப்பைச் சொல்லும், எந்த உப்பு என்று சொல்லாது. ஆய்வுகூடத்துக்குப் போத்தல் கொடுக்கும்போது குளோரைட்டு, சோடியம், கல்சியம், மக்னீசியம், இருகாபனேற்று, போறன், நைத்திரேற்று என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். "தண்ணி சோதிக்க வேணும்" என்று மட்டும் சொன்னால் குடிநீருக்கான சோதனையைச் செய்து தருவார்கள், அதில் போறன் இருக்காது.

போறன் லீற்றருக்கு அரை மில்லிகிராம் தாண்டினாலே எலுமிச்சை வகைக்குத் தொல்லை. குளோரைட்டு வேர்வழி போவது ஒரு பக்கம். இலையில் நேரே படுவது இன்னும் மோசம். லீற்றருக்கு ஏறத்தாழ 100 மில்லிகிராமுக்கு மேல் குளோரைட்டு உள்ள தண்ணீரைத் தெளிப்பானால் இலையில் படவிட்டால் இலை கருகத் தொடங்கும். வெயிலில் தெளித்தால் துளி காய்ந்து உப்பு இலையிலேயே செறியும். குழாய் பிடித்து மரத்தைக் குளிப்பாட்டும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

இருகாபனேற்று எங்கள் சுண்ணாம்புக்கல்லின் சொத்து. கேத்தலில் வெள்ளைப்படை பிடிக்கிற தண்ணீர் என்றால் அது இருக்கிறது. மரத்தைக் கொல்லாது. ஆனால் மண்ணை மேலும் காரமாக்கி இரும்பு, துத்தநாகம், மங்கனீசு ஆகியவற்றை வேர் எடுக்க விடாது.

காலையில் நன்னீர், பின்னேரம் சவர். ஒரே கிணறுதானே?

குடாநாட்டின் நன்னீர் கடல்நீரின் மேல் மிதக்கிறது. மாரி மழை சுண்ணாம்புக்கல் வெடிப்புகளில் இறங்கி, பாரம் கூடிய உப்புநீரின்மேல் வில்லை போலத் தங்கி நிற்கிறது. புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பது இதனால்தான். கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் இருக்கும் என்பது இதற்கான கணக்கு. அதைத் திருப்பிப் போட்டால்தான் பயம் பிடிக்கும்: நீர்மட்டம் ஓரடி இறங்கி அப்படியே நின்றால், கீழே உப்புநீர் காலப்போக்கில் நாற்பது அடி மேலேறும்.

பெரிய மோட்டரை வைத்து ஒரே மூச்சில் இறைத்தால் கிணற்றுக்கு நேர்கீழே உப்புநீர் கூம்புபோல் எழும்பும். நிறுத்தினால் மெல்ல அமரும். பங்குக் கிணறுகளில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். காலை முறைக்காரரின் வாய்க்காலில் 900 காட்டுகிற அதே கிணறு, பின்னேர முறைக்காரருக்கு 1400 காட்டுவது நடக்கக்கூடியது. முறையை மாற்றி மாற்றி வைப்பது நியாயமும் கூட, மரங்களுக்கும் நல்லது.

செய்ய வேண்டியது: சிறிய மோட்டர், ஒரு மணித்தியாலம் இறைப்பு, இரண்டு மணித்தியாலம் ஊறவிடல். உறிஞ்சு குழாயின் வாய் கிணற்றின் அடியில் கிடக்கக் கூடாது, நீர்மட்டத்துக்கு இரண்டு மூன்றடி கீழே தொங்கட்டும். கிணறு வற்றுகிறதென்று ஆழமாக்குவதும் அடியில் துளை போடுவதும் கரையோர ஊர்களிலும் தீவுகளிலும் உப்பை வீட்டுக்கு அழைக்கிற வேலை.

சவர்த்தண்ணீர் பழத்தை என்ன செய்யும்?

முதலில் பழத்தின் எண்ணிக்கை குறையும். பருமன் பிறகுதான். பூ வரும், பிஞ்சும் பிடிக்கும், ஆனால் உப்பில் இலை கொட்டிய மரம் பிஞ்சுகளைத் தாங்காமல் உதிர்த்துவிடும். மிஞ்சிய பழம் சிலவேளை வழக்கத்தைவிடச் சுவையாக இருப்பதும் உண்டு. வேர் தண்ணீரை இழுக்கச் சிரமப்படுவதால் சாற்றில் சீனியும் அமிலமும் சற்றுச் செறியும். இதைக் கண்டு "சவர்த்தண்ணிக்குத்தான் பழம் ருசி" என்று சொல்பவர்கள் மரத்தில் எத்தனை பழம் நின்றது என்று எண்ணிப் பார்க்கவில்லை.

ஒரு மரத்துக்கு எவ்வளவு தண்ணீர்?

வாய்க்கணக்கில் "கிழமைக்கு ஒருக்கால் நல்லாய் விடு" என்பார்கள். லீற்றரில் பார்ப்போம். மத்தியான வெயிலில் மரத்தின் நிழல் விட்டம் 3 மீற்றர் என்றால் பரப்பு 7 சதுர மீற்றர். கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியாகிறது என்று கொண்டு, அதில் 70 வீதம் மரத்துக்கு: 7 × 5 × 0.7, ஏறத்தாழ 25 லீற்றர். கழுவி இறங்குவதற்கு 15 வீதம் சேர்த்தால் 29. சொட்டு நீர் என்றால் வீணாவதையும் சேர்த்து 32 லீற்றர் விடுங்கள். பாத்தியில் இறைத்தால் ஓரத்திலும் வாய்க்காலிலும் போவதைச் சேர்த்து 45.

ஐந்து நாளுக்கு ஒருமுறை இறைப்பவருக்கு மரமொன்றுக்கு 225 லீற்றர். 3 மீற்றர் வட்டப் பாத்தியில் ஓர் அங்குல உயரம் தண்ணீர் நின்றால் அது ஏறத்தாழ 180 லீற்றர், ஆகவே ஒன்றேகால் அங்குலம். உங்கள் மோட்டர் எவ்வளவு தருகிறது என்று அறிய, குழாய் வாயில் 200 லீற்றர்ப் பரலை வைத்து நிரம்பும் நேரத்தைப் பாருங்கள். மோட்டரில் ஒட்டியிருக்கும் எண்ணை நம்பாதீர்கள்; அது தண்ணீரை உயர்த்தத் தேவையில்லாத நிலையில் எடுத்த எண்.

சோளகம் பலமாக வீசும் வைகாசி முதல் ஆவணி வரையான நாட்களில் இது போதாமல் போகலாம். வேலி ஓரத்து மரமும் நடுத்தோட்டத்து மரமும் ஒரே அளவு குடிப்பதில்லை. மண்ணைத் தோண்டிப் பாருங்கள்: ஓரடி ஆழத்துச் செம்பாட்டு மண்ணைக் கையில் எடுத்துப் பிடித்தால் உருண்டையாகி, விரலால் தட்ட உடைய வேண்டும். உருண்டையாகாமலே உதிர்ந்தால் இறைப்பு பிந்திவிட்டது. தட்டியும் உடையாமல் பிசுபிசுத்தால் இன்றைக்கு வேண்டாம்.

தண்ணீரைக் குறைத்தால் பழம் இனிக்கும் என்பது உண்மையா?

உண்மை, ஆனால் எப்போது குறைக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பூத்ததிலிருந்து பிஞ்சு கொட்டி முடியும் வரை பழத்துக்குள் கலங்கள் பிரிந்து பெருகும் காலம். இந்த நேரம் வாடவிட்டால் பிஞ்சு கொட்டும். கொட்டியதைப் பின்னர் எந்தத் தண்ணீராலும் ஒட்டவைக்க முடியாது. குறைக்கவே கூடாத காலம் இது.

அடுத்தது பழம் ஊதும் காலம். கலங்கள் தண்ணீரை நிரப்பிப் பெருக்கின்றன. இப்போது குறைத்தால் பழம் சிறுக்கும். சில நாள் வாட்டம் என்றால் மறுபடி தண்ணீர் கிடைத்ததும் ஓரளவு பிடித்துக்கொள்ளும். வாரக்கணக்கில் என்றால் பிடிக்காது. தோலும் தடிக்கும், சாறு அந்தளவுக்குக் குறையும்.

கடைசிக் காலம் முற்றுதல். பழம் தன் பருமனை எட்டி, உள்ளே சீனி ஏறும் நேரம். தோடைக்கு இப்போதுதான் குறைக்கலாம். மேலே கணக்கிட்ட அளவில் 60 வீதம் விட்டால் சீனி செறியும், தண்ணீரும் டீசலும் மிச்சம். ஆனால் அமிலமும் சேர்ந்தே ஏறும் என்பதைப் பலர் சொல்லாமல் விடுகிறார்கள். புளிப்புக் கூடிய தோடையைக் குறைத்த தண்ணீரில் விட்டால் சீனியும் கூடிய, புளிப்பும் கூடிய பழம் வரும். முற்றட்டும் என்று இன்னும் இரண்டு கிழமை காத்திருக்க வேண்டும். 50 வீதத்துக்குக் கீழே போக வேண்டாம். கீழே போனால் இலை பழத்திடமிருந்து தண்ணீரைத் திருப்பி எடுக்கும்.

அதைக் கையாலேயே அறியலாம். பின்னேரம் நான்கு மணிக்கு ஒரு பழத்தை மெல்ல அமுக்கிப் பாருங்கள், மறுநாள் விடியற்காலை அதே பழத்தைத் திரும்ப அமுக்குங்கள். பின்னேரம் தளர்ந்து காலையில் இறுகினால் மரம் சமாளிக்கிறது. விடியவும் தளர்ந்தே இருந்தால், இலையும் படகுபோல் மடிந்தே நின்றால், எல்லை தாண்டியாயிற்று. அன்றைக்கே இறையுங்கள்.

தேசிக்கு இந்த முறையால் லாபம் குறைவு. தேசிக்காயை யாரும் இனிப்புக்கு வாங்குவதில்லை. சாறும் பருமனும்தான் விலை. மரத்தில் ஒரே நேரத்தில் பூவும் பிஞ்சும் காயும் நிற்பதால் "முற்றும் காலம்" என்று ஒன்றைப் பிரித்து எடுப்பதும் கடினம்.

என் கிணறு 1100. நானும் 60 வீதத்துக்குக் குறைக்கலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் வாசிப்பதானால் இதை வாசியுங்கள்.

மரம் தண்ணீரைக் குடிக்கும், உப்பை மண்ணில் விட்டுவிடும். வேருக்குக் கீழே இறங்கும் மிச்சத் தண்ணீர்தான் அந்த உப்பைக் கொண்டுபோகிறது. விடுகிற தண்ணீரில் 20 வீதம் கீழிறங்கினால் மண்ணின் உப்பளவு தண்ணீரின் உப்பளவைப்போல் 1.3 மடங்கில் நிற்கும். 15 வீதம் இறங்கினால் 1.6 மடங்கு. 10 வீதம் என்றால் 2.1. வெறும் 5 வீதம் என்றால் 3.2 மடங்கு.

1100 தண்ணீர், 15 வீதம் இறங்குகிறது: மண்ணில் 1760. தோடை தாங்கும் எல்லை மண்ணளவில் 1700. சரியாகக் கரையில் நிற்கிறீர்கள். அதே தண்ணீரைக் குறைத்து 5 வீதம் மட்டும் இறங்கினால் 3520. கால்வாசி விளைச்சல் போகும் எல்லை 3300. தண்ணீர் மாறவில்லை, கிணறு மாறவில்லை, குறைத்தது மட்டுமே.

இப்போது ஈ.சி. 600 உள்ள உள்ளூர்க் கிணறு ஒன்றை எடுங்கள். 5 வீதம் மட்டும் இறங்கினாலும் மண்ணில் 1920. எல்லையைச் சற்றே தாண்டும், மாரி வந்ததும் கழுவுப்படும். இவர் கடைசிக் காலத்தில் குறைக்கலாம். சொல்லப்போனால் இவர் குறைக்கத்தான் வேண்டும்: நல்ல தண்ணீர்க் கிணறுள்ள தோட்டங்களில் வாய்க்கால் இறைப்பு பெரும்பாலும் தேவைக்கு மேலே போகிறது. அந்த மிச்சம் உரத்தின் நைத்திரேற்றைக் கரைத்து அதே கிணற்றுக்குக் கொண்டுபோகிறது.

கிணறு 700 முதல் 1000 வரை என்றால் நடுவழி ஒன்று உண்டு. கோடையில் குறைத்து, மூன்றாவது அல்லது நான்காவது இறைப்பை முழு அளவுக்கும் மேலே ஒன்றரை மடங்காக விடுங்கள். மாரி பொய்த்த வருடத்தில் அதையும் செய்ய வேண்டாம்; வேரடி கழுவுப்படாமலே அடுத்த கோடைக்குள் போகும்.

1500க்கு மேல் என்றால் குறைப்பதைப் பற்றி யோசிக்காமல் கலப்பதைப் பற்றி யோசியுங்கள். 2000 தண்ணீரும் 800 தண்ணீரும் சரிபாதி கலந்தால் 1400. கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்திருந்தால் அதைக் கிணற்றில் ஊற்றாமல் பூக்கும் காலத்துக்கு ஒதுக்கிவையுங்கள்.

காயவிட்டுப் பூக்கவைக்கும் முறை தேசிக்குச் சரிவருமா?

வரும். சிசிலியில் எலுமிச்சைக்கு இதையே செய்கிறார்கள்: ஆனி, ஆடியில் தண்ணீரை நிறுத்தி, மரம் வாடியதும் தண்ணீரும் நைதரசன் உரமும் கொடுத்துப் பருவம் தப்பிய பூவை எடுப்பார்கள். எங்கள் மரங்களும் கோடையில் காய்ந்து, முதல் மழைக்குப் பூத்துக் கொட்டுவது இதே காரணத்தால்தான்.

நாளை எண்ண வேண்டாம், இலையைப் பாருங்கள். கல் மேலே தட்டும் ஆழமில்லாத மண்ணில் இரண்டு கிழமையிலேயே மரம் வாடிவிடும். ஆழமான செம்பாட்டில் இன்னும் செல்லும். இலை மடிந்து, முதிர்ந்த இலைகளில் கால்வாசி பழுத்துக் கொட்டும் கட்டத்தில் காயவிடுவதை நிறுத்துங்கள். முதல் இறைப்பு பாதி அளவு. நான்கைந்து நாளில் முழு அளவு, அத்தோடு உரம். காய்ந்த மரத்துக்கு ஒரேயடியாக அள்ளி ஊற்றினால் மிஞ்சிய இலையும் கொட்டும்.

நான்கு வயதுக்குக் குறைந்த மரம், பிஞ்சு நிற்கும் மரம், பிசின் வடியும் மரம், 800க்கு மேற்பட்ட கிணறு: இவற்றில் எதுவாக இருந்தாலும் செய்ய வேண்டாம். காயும் மண்ணில் உப்பு செறிந்து, வாட்டத்தோடு கருகலும் சேர்ந்து வரும்.

கோடை முழுக்கக் குறைத்தேன், ஐப்பசி மழையோடு பழமெல்லாம் வெடித்தது. ஏன்?

காய்ந்து தடித்த தோலால் திடீரென்று ஊதும் உட்சதைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. மழையை நிறுத்த முடியாது, ஆனால் அது வரும்போது மண் எலும்பாகக் காய்ந்திருக்காமல் பார்த்துக்கொள்ளலாம். புரட்டாதி நடுப்பகுதியில் இருந்து முழு அளவுக்கு மெல்ல ஏற்றுங்கள்.

முதல் தூறல் விழுந்ததும் சொட்டு நீரை நிறுத்தினேன். ஒரு கிழமையில் இலை கருகியது!

இது சொட்டு நீருக்கே உரிய பொறி. சொட்டியின் கீழே மண் ஈரக் குடமாக நிற்கும்; உப்பெல்லாம் அந்தக் குடத்தின் விளிம்புக்குத் தள்ளப்பட்டு வெள்ளை வளையமாகக் காயும். பத்துப் பதினைந்து மில்லிமீற்றர்த் தூறல் அந்த வளையத்தைக் கரைத்து நேரே வேருக்குள் இறக்கும், கழுவிக்கொண்டு போகுமளவுக்கு அதில் தண்ணீர் இல்லை. தூறும்போது சொட்டு நீரை ஓடவிடுங்கள். கடும் மழை பிடித்து இரண்டு மூன்று அங்குலம் விழுந்த பின் நிறுத்துங்கள். அயலார் "மழைக்குள்ள தண்ணி விடுறார்" என்று சிரித்தால் சிரிக்கட்டும்.

பாத்தியை எப்படிக் கட்டுவது?

அடிமரத்தில் தண்ணீர் முட்டக் கூடாது. முட்டினால் பட்டையில் பூஞ்சண நோய் பிடித்துப் பிசின் வடியும், பின்னர் மரம் ஒருபக்கமாகக் காயும். அடிமரத்தைச் சுற்றி ஒன்றரை அடி ஆரத்தில் ஒரு மண்வரம்பு, நிழல் விளிம்புக்கு வெளியே இன்னொரு வரம்பு. தண்ணீர் இரண்டுக்கும் நடுவில் மட்டும் நிற்கட்டும். குடிக்கும் வேர் பெரும்பாலும் மேல் இரண்டடி மண்ணில், நிழல் விளிம்பை ஒட்டித்தான் இருக்கிறது. மரத்துக்கு மரம் தண்ணீர் கடந்து போகும் வாய்க்கால் வேண்டாம், நோயும் அதே வழியில் போகும்.

சொட்டிகள் இரண்டு மாதத்தில் அடைத்துக்கொள்கின்றனவே?

சுண்ணாம்பு. குழாய் வெயிலில் சூடாக, கரைந்திருந்த சுண்ணாம்பு வெள்ளையாகப் படியும். குழாய்களை மூடாக்கின் கீழே ஓடவிட்டால் பாதித் தொல்லை குறையும். 120 மெஷ் வடிகட்டியைக் கிழமைக்கு ஒருமுறை கழுவுங்கள். கழற்றக்கூடிய சொட்டிகளை வினாகிரியில் இரவு முழுக்க ஊறப்போட்டால் துப்புரவாகும். தோட்டம் பெரிதென்றால் அமிலம் விட்டுக் கழுவலாம்: தண்ணீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஒருபோதும் ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். ஒரு மணித்தியாலம் நிற்கவிட்டு, குழாய் நுனிகளைத் திறந்து தெளிவாக வரும்வரை ஓடவிடுங்கள். நாலு சொட்டியின் கீழ் நாலு ரின்பேணியை வைத்துக் கால் மணித்தியாலம் பிடித்துப் பார்த்தால் எது குறைகிறது என்று தெரியும்.

இலையைப் பார்த்து என்ன குறை என்று சொல்ல முடியுமா?

ஓரளவு. குளோரைட்டு என்றால் முதிர்ந்த இலையின் நுனி மஞ்சளாகி, பிறகு கபிலமாகக் கருகி, ஓரம் வழியே பின்னோக்கி வரும். இலை கொட்டி காம்பு மட்டும் கொப்பில் நிற்பதும் உண்டு. போறன் மிகுதியிலும் நுனி மஞ்சள்தான், ஆனால் இலையின் அடியில் பிசின் புள்ளிகள் தட்டுப்படும். இளம் இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறை. அதற்கு இரும்புச் சல்பேற்றைச் சுண்ணாம்பு மண்ணில் போடுவது காசைப் புதைப்பது. ஈ.டி.டி.எச்.ஏ. வகை இரும்புக் கீலேற்றை வாங்குங்கள், ஈ.டி.ரி.ஏ. வகை இந்த மண்ணில் நிற்காது. மண் ஈரமாக இருந்தும் மரம் வாடினால் மேலும் தண்ணீர் விட வேண்டாம். வேர் அழுகல் அல்லது உப்பு. தோண்டி வேரைப் பாருங்கள்.

மண்ணையும் வீட்டில் அளக்கலாம். காய்ந்த மண் ஒரு பங்கு, மழைத்தண்ணீர் ஐந்து பங்கு நிறையால் எடுத்து, நன்றாகக் குலுக்கி, அரை மணித்தியாலம் தெளியவிட்டு ஈ.சி. பாருங்கள். செம்பாட்டு மண்ணுக்கு அந்த எண்ணை 8 அல்லது 9 ஆல் பெருக்கினால் மேலே சொன்ன மண்ணளவுக்குக் கிட்ட வரும். 200 காட்டினால் எல்லையில் நிற்கிறீர்கள்.

உரத்தில் ஏதும் கவனிக்க வேண்டுமா?

எம்.ஓ.பி. என்பது பொற்றாசியம் குளோரைட்டு உரம். அதில் கிட்டத்தட்டப் பாதி குளோரைட்டு. சவர்க் கிணற்றுக்காரர் அதை விட்டு, பொற்றாசியம் சல்பேற்றுக்கு மாறுவது நல்லது, விலை கூட. நைத்திரேற்றையும் கணக்கில் எடுங்கள். தண்ணீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று இருந்தால், நாளுக்கு 30 லீற்றர் வீதம் 150 நாள் இறைக்கும்போது மரத்துக்கு 50 கிராம் நைதரசன் போகிறது. 100 கிராமுக்கு மேல் யூரியாவுக்குச் சமம். அதை அறியாமல் மேலும் யூரியா போட்டால் தோல் தடித்துக் கரடாகும், நிறம் பிந்தும். ஒரு ஆறுதல்: நைத்திரேற்று இருக்கும் இடத்தில் வேர் குளோரைட்டைக் குறைவாக எடுக்கும்.

ஜிப்சம் போட்டால் உப்புப் போகுமா?

குளோரைட்டு போகாது, அதைத் தண்ணீர் மட்டுமே கழுவும். சோடியம் மிகுந்து மண் இறுகிப் போயிருந்தால்தான் ஜிப்சத்துக்கு வேலை.

கன்று வாங்கும்போது?

ஒட்டுக் கன்று என்றால் அடிக்கட்டை, அதாவது ஒட்டுக்குக் கீழே வேரைத் தரும் இனம், என்ன என்று கேளுங்கள். கிளியோபட்ரா மண்டரினும் ரங்பூர் லைமும் குளோரைட்டை மேலே போக விடாமல் தடுப்பவை. ரஃப் லெமன் நடுத்தரம். ட்ரைஃபோலியேற் எங்கள் சுண்ணாம்பு மண்ணுக்கும் சவருக்கும் இரண்டுக்குமே ஆகாது. விற்பவருக்கு அடிக்கட்டையின் பெயர் தெரியாவிட்டால் வேறு இடம் பாருங்கள்.

மூடாக்குக்கு எது நல்லது?

பூவரசங் குழை, கிளிசரிடியா, தென்னோலை, பனையோலை எதுவும் சரி, நாலு அங்குலத் தடிப்பு, அடிமரத்தை விட்டு ஓரடி தள்ளி. நிலம் காய்ந்து உப்பு மேலே ஏறுவதை இது தடுக்கும். தும்புத்தூள் வாங்கினால் மட்டும் ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் ஊறவைத்து ஈ.சி. பாருங்கள், உவர்நீரில் ஊறிய மட்டையின் தூளாக இருந்தால் உப்பைக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள்.

பறிக்கும் நேரத்துக்கும் இறைப்புக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. இறைத்த மறுநாள் விடியற்காலை பனி ஈரத்தோடு பறித்தால் தோல் உச்ச இறுக்கத்தில் இருக்கும். விரல் அழுத்தத்தில் எண்ணெய்ப் பைகள் உடைந்து, இரண்டு நாளில் தோலில் கபிலத் தழும்பு விழும். சந்தைக்குப் போகும் காய் என்றால் இறைத்து இரண்டு நாள் விட்டு, பத்து மணிக்குப் பிறகு பறியுங்கள்.

குறைத்ததால் லாபமா நட்டமா என்று எப்படி அறிவது?

இரண்டு மரத்தைக் குறைக்காமல் விட்டால்தான் ஒப்பிட முடியும். ஒரே வயது, ஒரே மண், பக்கத்துப் பக்கத்து மரங்கள். குறைத்த மரங்களிலும் குறைக்காத மரங்களிலும் நடு உயரத்தில், எல்லாத் திசையிலும் இருந்து பத்துப் பத்துப் பழம் பறியுங்கள். நிறுத்து எழுதுங்கள். பிழிந்து, வடித்து, சாற்றை நிறுத்து எழுதுங்கள். தேசிக்காய் பத்தும் 400 கிராம், சாறு 170 கிராம் என்றால் 42 வீதம். குறைத்த மரத்தின் காய் 350 கிராம், சாறு 130 கிராம் என்றால் 37 வீதம். பருமனிலும் சாற்றிலும் இரட்டை நட்டம். தோடைக்கு, சாற்றின் சீனியளவைக் காட்டும் பிரிக்ஸ் மீற்றரில் ஒரு துளி விட்டுப் பாருங்கள், முதலில் வெறும் தண்ணீர் விட்டுப் பூச்சியம் காட்டுகிறதா என்று பார்த்த பிறகு. கடைசியாக மரத்தில் எத்தனை பழம் நின்றது என்பதையும் எண்ணி அதே கொப்பியில், அன்றைய கிணற்று ஈ.சி.க்குப் பக்கத்தில் எழுதுங்கள்.